இரண்டு கணக்கு ஓடிய மாதம்

ஒக்டோபரில் பாதிக்கு மேல் மழை.
கொழும்பிலிருந்து வந்த திலங்க
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
என் மேசைமேல் ஏறி நின்று வயர் இழுத்தான்.
"ஒரு மாதம் ரெண்டும் ஓடட்டும், மிஸ்.
புத்தகம் ஒரு பக்கம், சிஸ்டம் ஒரு பக்கம்.
சதம் பிசகாமல் ஒத்துவந்தால்
புத்தகத்தை மூடிவிடலாம்."
நல்ல தமிழ்.
மஸ்கெலியாவில் ஒரு சித்தி இருக்கிறாளாம்.

செக்ரோல் புத்தகம் என் முழங்கை நீளம்.
பதினொரு வருடமாக அதில் என் கையெழுத்து.
முழுப்பேருக்கு நேர்கோடு,
அரைப்பேருக்குச் சாய்கோடு,
வராதவர்களுக்கு வெறும் கட்டம்.
இங்கே ஒரு நாள் வேலைக்கே பேர் என்றுதான் பேர்.
"பேர் விழுந்திச்சா" என்றுதான் கேட்பார்கள்,
காசைப் பற்றிக் கேட்பது பிறகு.

சிஸ்டத்துக்குப் பேர் என்றால் வேறு.
முதற்பெயர், குடும்பப்பெயர், அடையாள அட்டை இலக்கம்.
மேல்கணக்கு செவனம்மாவும்
முனியாண்டி பெண்சாதி செவனம்மாவும்
ஒரே ஆளாகி
ஒரே நாளில் பதினாறு மணித்தியாலம் கொழுந்தெடுத்தார்கள்.
திலங்க சிரித்தான். நானும்.
ஒருத்தியை மற்றவளிடமிருந்து பிரித்தெடுக்கப்
பொழுது சாய்ந்துவிட்டது.

இரண்டாம் வாரம் சேமலாப நிதி ஒத்தது.
சந்தா ஒத்தது. கோயில் பணம்,
மரண உதவிச் சங்கம், தீபாவளி முற்பணம்,
கடைக் கோதுமை மா வரைக்கும் ஒத்தது.

ஒத்துவராதது நிறுவை.

மலையில் தராசு பதினெட்டு என்று சொல்லும்.
புத்தகத்தில் நான் பதினாறு எழுதுவேன்.
எனக்கு முன் இருந்த கிளாக்கரும் அப்படித்தான்.
யாரும் பேசாத இரண்டு கிலோ.
மழை நாளில் ஈரம் என்போம்.
வெயில் நாளில் ஒன்றும் சொல்லமாட்டோம்.

பதினெட்டை அழித்துப் பதினாறு தட்டினேன்.
திரையில் ஒரு சின்னப் பெட்டி விரிந்தது.
காரணம்.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த ஆளுக்குப் போகவிடாது.

திலங்க தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.
பெட்டிக்குள் ஒரு கோடு
தோன்றி மறைந்து தோன்றி மறைந்து
காத்துக்கொண்டிருந்தது.
பதினொரு வருடத்தில்
என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அதுதான்.

துரையிடம் போனேன்.
"ஏதாவது போட்டுவிடுங்கள்" என்றார்
போனிலிருந்து தலை எடுக்காமல்.

ஈரம் என்று அடித்தேன்.
பன்னிரண்டாந் தேதி, பளிச்சென்ற வெயில்;
தேதியும் மேலேயே இருந்தது. அழித்தேன்.
வழக்கம் என்று அடித்தேன்.
அது உண்மை. அதையும் அழித்தேன்.
கடைசியில் ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

இருநூற்றுப் பதினான்கு ஆட்கள்,
இருபத்திரண்டு நாள்.
மொத்தம் எத்தனை புள்ளி என்று
சிஸ்டமே கூட்டிச் சொல்லும்.
நான் கேட்கவில்லை.

சதம் பிசகாமல் ஒத்துவந்தது.
திலங்க கை கொடுத்தான், அன்றிரவே பஸ் ஏறினான்.
புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.
அது எதையும் கேட்டதில்லை, பாவம்.

பத்தாந் தேதி சம்பளம்.
முன்பு ஒரு துண்டு, ஒரு மொத்தம், அவ்வளவுதான்.
இப்போது நீளத் தாள்,
ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வரி, வரிக்கு ஒரு காரணம்.
எல்லாரும் வாங்கி மடித்துக்கொண்டு போனார்கள்.
முனியாண்டி பெண்சாதி செவனம்மா போகவில்லை.
தாளை ஜன்னலுக்குள் திரும்ப நீட்டி
கறை ஏறிய நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டாள்.

"எல்லா வரியிலயும் எழுத்து இருக்கு, மிஸ்ஸி.
இதுல மட்டும் ஒரு புள்ளி.
இது என்னா?"

சிஸ்டம் போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவளுக்குப் பின்னால்
குடைகளோடு நின்ற வரிசையில்
முதலில் ஒருத்தி, பிறகு மூன்று நான்கு பேர்,
மடித்து வைத்த தாளை
வெளியே எடுத்தார்கள்.